வண்டி கிடைத்தது, வழி எங்கே?

மனிதன் படைத்த ஊர்திகளுள், தன்னைச் செலுத்துவோனிடம் வியர்வையைத் தவிர வேறெதனையும் வேண்டாதது மிதிவண்டி. அதற்கு எரிநெய் வேண்டா. ஓட்டுநர் உரிமம் வேண்டா. சுங்கச் சாவடியில் கட்டணமும் வேண்டா. இருந்தும், இன்றைய நெடுஞ்சாலையில் மிகக் குறைந்த மதிப்புப் பெற்ற ஊர்தி எதுவென்று வினவின், மிதிவண்டி என்றே விடை கூற வேண்டியிருக்கிறது. எவருக்கும் தீங்கு செய்யாத ஊர்தி எல்லாருக்கும் அஞ்சி ஓரமாய் ஒதுங்கிச் செல்லும் நிலை, நாம் எண்ணிப் பார்க்க வேண்டியதொரு நிலையன்றோ?

காஞ்சி மாநகருக்கு மேற்கே அமைந்த தாமல் என்னும் ஊரிலிருந்து, பாலாற்றுப் படுகை வழியே வங்கக் கடற்கரை வரை ஒரு மிதிவண்டிப் பயணப் பாதை வகுக்கப்படல் வேண்டும். அப்பாதை சுற்றுலா வருவோர்க்கு மட்டும் உரியதாக அமையாமல், பள்ளிக்கும் தறிக்கும் கழனிக்கும் நாள்தோறும் செல்வோர்க்கும் உரியதாக அமைதல் வேண்டும். இவ்விரண்டும் ஒன்றே என்பதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தாமல் நிற்கும் இடம்

தாமல் இன்று ஒரு சிற்றூர். ஆயின் பண்டைத் தொண்டை மண்டலத்தின் இருபத்து நான்கு கோட்டங்களுள் ஒன்று தாமல் கோட்டம் என இவ்வூரின் பெயராலேயே வழங்கிற்று. வராகேசுவரர் கோயிலும் தாமோதரப் பெருமாள் கோயிலும் இவ்வூரின் பழமையை உணர்த்துவன. ஊரை ஒட்டிப் பரந்து கிடக்கிறது தாமல் ஏரி. காஞ்சிப் பட்டின் புகழ் உலகறிந்தது. 2005-06ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் பெற்ற அப்பட்டுத் தொழில் காஞ்சி நகருக்குள் மட்டும் நிகழ்வதன்று. சுற்றுப்புறச் சிற்றூர்களின் தறிகளையும் சேர்த்தே அது வளர்ந்தது. பாவும் ஊடையும் சரிகையும் ஊரிலிருந்து ஊருக்குச் செல்லவும், நெய்து முடித்த சேலை கூட்டுறவுச் சங்கத்தை அடையவும் நெடுங்காலம் துணை நின்றது நெசவாளரின் மிதிவண்டியேயாகும்.

இவ்வூரின் ஓரமாகவே சென்னை–பெங்களூரு தேசிய நெடுஞ்சாலை செல்கிறது. தங்க நாற்கரத் திட்டத்தின்கீழ் நான்கு வழிகளாக அகன்ற அச்சாலையை ஆறு வழிகளாக்கும் பணியும் பின்னர் மேற்கொள்ளப்பட்டது. சாலை அகன்றதனால் சரக்கு விரைந்து செல்கிறது. நோயாளி விரைந்து மருத்துவமனை சேர்கிறார். இந்நன்மைகளை நாம் மறுப்பதற்கில்லை. ஆயின் அகன்ற சாலை ஊரை இரண்டாகப் பிளக்கிறது என்பதும் உண்மை. நடுத்தடுப்பைச் சுற்றிவர நெடுந்தொலைவு செல்ல வேண்டியிருப்பதால், மிதிவண்டியில் வருவோர் எதிர்த்திசையில் ஓரமாய்ச் செல்லத் தலைப்படுகின்றனர். அணுகுசாலை ஓரிடத்தில் தொடங்கி வேறோரிடத்தில் திடுமென முடிந்துவிடின், அதற்கப்பால் அவர் கனரக வண்டிகளின் நடுவே புக நேர்கிறது. விதியை மீறினார் என்று அவரைக் கடிதல் எளிது. விதிப்படி செல்ல அவருக்கு வழி விட்டோமா என்று வினவுவார் சிலரே.

ஸ்ரீபெரும்புதூரையும் கருநாடகத்து ஒசகோட்டையையும் இணைக்க வகுக்கப்பட்ட விரைவுச்சாலையோ மிதிவண்டிக்கு முற்றிலும் மூடிய வழி. ஆகவே, பெருஞ்சாலைகள் பெருகப் பெருகச் சிறு ஊர்திகளின் உலகம் சுருங்கி வருகிறது. அதனை மீண்டும் விரிக்க வேண்டுமாயின் ஊர்களை இணைக்கும் உட்சாலைகளையே நாட வேண்டும்.

ஆற்றின் வழியே

மிதிவண்டிப் பயணம் என்றதும் உதகையின் மலைச்சரிவுகளையே நம் இளைஞர் நினைக்கின்றனர். 2008ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற 'நீலகிரிச் சுற்று' என்னும் மிதிவண்டிப் பயணம் அதற்குக் காரணமாதல் கூடும். கருநாடகம், கேரளம், தமிழகம் ஆகிய மூன்று மாநிலங்களின் மலைப்பாதைகளைத் தழுவிச் செல்லும் அப்பயணம் இந்திய மிதிவண்டி ஆர்வலரிடையே பெரும் பெயர் பெற்றது. முப்பத்தாறு கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்ட கல்லட்டி ஏற்றத்தை மிதித்துக் கடப்பதனை ஒரு சாதனையாகவே அவர்கள் கருதுகின்றனர். போற்றத்தக்க முயற்சிதான். ஆயினும் உடல் வலிமையைச் சோதிக்கும் பயணம் எல்லார்க்கும் இயல்வதன்று. பாலாற்றுப் படுகையோ பெரும்பாலும் சமநிலம். பதினெட்டு வயது மாணவரும் ஐம்பது வயது ஆசிரியரும் சேர்ந்து செல்லத்தக்கது.

நந்தி மலைப்பகுதியில் தோன்றும் பாலாறு 348 கிலோமீட்டர் நடந்து கடலை அடைகிறது. அதில் 93 கிலோமீட்டர் கருநாடகத்திலும், 33 கிலோமீட்டர் ஆந்திரத்திலும், எஞ்சிய 222 கிலோமீட்டர் தமிழகத்திலும் அமைந்துள்ளது. இவ்வாற்றின் கடைப்பகுதியை ஒட்டியே நாம் கூறும் பாதை செல்கிறது.

தாமலிலிருந்து காஞ்சிபுரம், அங்கிருந்து கிழக்கே வாலாஜாபாத், பின்பு பழைய சீவரம், செங்கற்பட்டு, திருக்கழுக்குன்றம் ஆகிய ஊர்களைக் கடந்து மாமல்லபுரம். ஏறத்தாழ 80 கிலோமீட்டர்த் தொலைவு. மகிழுந்தில் செல்வோர் இதனை இரண்டு மணி நேரத்தில் கடப்பர். அவர்தம் நினைவில் எஞ்சுவன சில பெயர்ப்பலகைகளே. மிதிவண்டியில் செல்வோர் இரண்டு நாள் எடுத்துக்கொள்வாராயின், ஒவ்வோர் ஏரிக்கும் மதகு எங்கே, கலங்கல் எங்கே, மறுகால் எந்த ஏரிக்குச் செல்கிறது என்பதெல்லாம் அவர் கண்ணில் படும். தொண்டை மண்டலத்தை ஏரிகளின் நாடு என்று வகுப்பில் நாம் நூறுமுறை கூறலாம். ஒரு கரையிலிருந்து அடுத்த கரைக்கு மிதித்துச் செல்லும் மாணவன் அதனை ஒரே நாளில் உணர்ந்துகொள்வான்.

வாலாஜாபாத் என்னும் பெயர் ஆற்காட்டு நவாபு முகம்மது அலி வாலாஜாவை நினைவூட்டுவது. அதனை அடுத்த பழைய சீவரத்தின் எதிர்க்கரையில் திருமுக்கூடல் அமைந்துள்ளது. பாலாறும் செய்யாறும் வேகவதியும் ஒன்றுகூடும் இடமாதலின் அப்பெயர் பெற்றது. அங்குள்ள பெருமாள் கோயிலில், பதினொன்றாம் நூற்றாண்டில் ஆண்ட வீரராசேந்திர சோழனின் கல்வெட்டொன்று உளது. பதினைந்து படுக்கைகள் கொண்ட மருத்துவச் சாலை ஒன்று அங்கு நடந்ததையும், மருத்துவர், அறுவை செய்வோர், பணிமகளிர் ஆகியோர்க்கு வழங்கிய ஊதியத்தையும், இருப்பில் வைத்த மருந்துகளையும் அக்கல்வெட்டு விரித்துரைக்கிறது. தமிழ்த்துறை மாணவர்க்கு இதனினும் சிறந்த வகுப்பறை எங்குளது?

அங்கு நின்று ஆற்றையும் நோக்குதல் வேண்டும். ஆண்டின் பெரும்பகுதி மணலாய்க் கிடக்கும் ஆறு, 2021 நவம்பரில் இருகரையும் புரள ஓடியது. வெள்ளத்தைக் கண்ட ஊரார் வியந்து நின்றனர். வற்றிய காலத்திலோ மணற்கொள்ளையின் குழிகள் கண்ணை உறுத்துகின்றன. மேலே, வேலூர் வட்டாரத்துத் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு இவ்வாற்றுக்கு இழைத்த கேடு குறித்து 1996இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்திற்கே ஒரு மைல்கல் ஆயிற்று. மாசு செய்தவரே அதற்கு ஈடு செய்தல் வேண்டும் என்னும் நெறியை அத்தீர்ப்பு நிலைநாட்டியது. தோல் தொழில் நம் சமுதாயத்தார் பலருக்கு வாழ்வளித்தது. அதனாலேயே ஆற்றின் துயரை அறிந்துகொள்ளும் கடமை பிறரினும் நமக்கு மிகுதி. பாலத்தின்மேல் விரைந்து கடப்போர் இதனை அறியார். கரையோடு செல்வோரே அறிவர்.

நெய்தலை நோக்கி

செங்கற்பட்டில் கொளவாய் ஏரி நம்மை வரவேற்கிறது. அதற்கப்பால் திருக்கழுக்குன்றம். குன்றின்மேல் நாள்தோறும் உச்சிப்பொழுதில் உணவு கொள்ள வந்த கழுகுகள் 1990களின் இறுதிக்குப் பின் வருவதில்லை. இந்தியாவெங்கும் பாறுக் கழுகுகள் அருகிய வரலாற்றின் ஒரு சிறு பக்கம் அக்குன்றின்மேல் எழுதப்பட்டுள்ளது எனலாம்.

பின்பு கடற்காற்று முகத்தில் படுகிறது. 1984ஆம் ஆண்டில் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்ட மாமல்லபுரத்தை அறியாதார் இலர். அதற்குத் தெற்கே சதுரங்கப்பட்டினத்தில் ஒல்லாந்தர் கட்டிய கோட்டையையும் கல்லறைகளையும் காண்போர் சிலரே. இப்பகுதியின் நெசவுத் துணிகளை அங்கிருந்து கப்பலேற்றினர் ஒல்லாந்தர். தாமலில் தறியோசை கேட்டுப் புறப்பட்ட பயணி, துணி கடல் கடந்த துறைமுகத்தில் வந்து நிற்கிறான். இன்னும் தெற்கே வயலூர் அருகில் பாலாறு கடலில் கலக்கிறது. மாமல்லபுரத்திற்கு வடக்கே கோவளத்தில் தமீமுல் அன்சாரி அவர்களின் தர்காவும், அதனை நாடிவரும் பல சமய மக்களும் உள்ளனர். ஒரே பாதையில் கோயிலும் கோட்டையும் தர்காவும் ஏரியும் கழிமுகமும் அமைந்திருப்பது அரிது.

பிற நாடுகள் காட்டும் வழி

இத்தகைய பாதைக்குப் பெருஞ்செலவு ஆகுமே என்று சிலர் கருதலாம். பிற நாடுகளின் பட்டறிவு வேறு கூறுகிறது. தென்கொரியா 2012இல் இஞ்சோன் முதல் பூசான் வரை ஆற்றங்கரைகளை ஒட்டி 633 கிலோமீட்டர் மிதிவண்டிப் பாதையைத் திறந்தது. அது பெருமுதலீட்டுப் பணி. ஆயின் சப்பானில் தீவுகளை இணைக்கும் பாலங்களின் வழியே செல்லும் சிமனாமி பாதையில் வழிகாட்டுவது சாலையோரம் தீட்டிய நீலக்கோடு ஒன்றே. ஏறத்தாழ 70 கிலோமீட்டர் நீளும் அக்கோட்டைப் பின்பற்றி, மொழியறியா அயலவரும் வழி தவறாது செல்கின்றனர். பெல்சிய நாட்டு லிம்பர்க் மாகாணம் 1995இல் இன்னும் எளியதொரு முறையைக் கையாண்டது. சிற்றூர்ச் சாலைகள் கூடும் சந்திகளுக்கெல்லாம் எண்ணிட்டு, ஒவ்வோர் எண்ணிலிருந்தும் அடுத்த எண்ணுக்கு வழிகாட்டும் பலகைகளை நட்டது. பயணி தான் செல்ல விரும்பும் எண்களைக் குறித்துக்கொண்டால் போதும். சுரங்கத் தொழில் நலிவுற்ற அப்பகுதிக்கு இம்முறை புதுவருவாய் தேடித் தந்தது. அண்டை நாடாகிய நெதர்லாந்தும் இதனை மேற்கொண்டது.

நம் ஊர்களிலும் சாலைகள் உள்ளன. பலகையும் வண்ணமும் நட்டுத் தீட்டுவோரும் உளர். இல்லாதது, அச்சாலைகளைப் பாதையாகக் காணும் எண்ணமே.

செல்வர் பொழுதுபோக்கா?

மிதிவண்டிச் சுற்றுலா செல்வர்தம் பொழுதுபோக்கு என்பது ஒரு பெருந்தடை. இலட்சம் உருபா விலையுள்ள மிதிவண்டியும் தலைக்கவசமும் வண்ண உடையுமாய் விடியற்காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் செல்வோரைக் கண்டால் அவ்வாறு தோன்றுவது இயல்பே. ஆயின், அதே சாலையில் அவர்களுக்குச் சற்று முன்னே பால் குடத்தைக் கட்டிக்கொண்டு செல்லும் முதியவரும், மீன் கூடையோடு செல்லும் உழைப்பாளியும் மிதிவண்டிப் பயணியரே அல்லரோ? விலை வேறு, வேகம் வேறு, லாரி மோதினால் நேரும் விளைவு ஒன்றே. இருவருக்கும் வேண்டுவது அதே நான்கடிப் பாதுகாப்பான பாதைதான்.

2011ஆம் ஆண்டின் மக்கள் கணக்கெடுப்பு, இந்தியக் குடும்பங்களில் ஏறத்தாழ 45 விழுக்காட்டினரிடம் மிதிவண்டி இருந்ததாகக் கூறிற்று. இவர்கள் பெரும்பான்மை எளியோர். சாலைத் திட்டம் வகுப்போர் பார்வையில் இவர்கள் விழுவதில்லை. சுற்றுலா என்னும் பெயரில் பாதை கேட்டால் அரசு செவிசாய்க்கிறது. பாற்காரர் என்னும் பெயரில் கேட்டால் செவிசாய்ப்பதில்லை. அவ்வாறாயின் சுற்றுலாவின் பெயராலேயே கேட்போம். பாற்காரரும் அதில் செல்லட்டும் என்கிறோம் நாம்.

பெண்மக்களும் வழியும்

சமுதாயப் பெரியோர்கள் கவனிக்க வேண்டிய செய்தி இனி வருவது. 1991ஆம் ஆண்டளவில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு மிதிவண்டியையும் பெண்களுக்குக் கற்பித்தது. அன்றைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அவர்களின் ஊக்கத்தால் பல்லாயிரம் சிற்றூர்ப் பெண்கள் வண்டியேறினர். எள்ளி நகையாடியோர் பின்னர் வாய் மூடினர். தண்ணீர் கொணரவும், விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டு செல்லவும், பிள்ளையைப் பள்ளியில் விடவும் பிறரை எதிர்நோக்காத நிலை அப்பெண்களுக்கு வாய்த்தது. இதழாளர் பி. சாய்நாத் இதனை நேரில் கண்டு எழுதினார்.

தமிழக அரசு 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியர்க்கு விலையில்லா மிதிவண்டி வழங்கத் தொடங்கிப் பின்னர் மேனிலை வகுப்பு மாணவ மாணவியர் பிறர்க்கும் அதனை விரிவாக்கியது. பீகாரில் 2006இல் ஒன்பதாம் வகுப்பு மாணவியர்க்கு இத்தகைய திட்டம் வந்தது. கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் ஆகிய பொருளியல் அறிஞர் இருவர் அதனை ஆராய்ந்து, தகுதியுடைய வயதுப் பெண்களின் உயர்நிலைப் பள்ளிச் சேர்க்கை 32 விழுக்காடு உயர்ந்ததாகவும், ஆண்பெண் இடைவெளி 40 விழுக்காடு குறைந்ததாகவும் கண்டனர். இம்மாற்றம் பள்ளி தொலைவிலிருந்த ஊர்களிலேயே மிகுந்து காணப்பட்டது. ஒரு மிதிவண்டி ஒரு பெண்ணின் கல்வியை எத்துணைத் தொலைவு நீட்டித்துவிடுகிறது!

"பெண் பிள்ளையைச் சாலையில் தனியே அனுப்ப அஞ்சுகிறோம்" என்று பெற்றோர் கூறுகின்றனர். அவ்வச்சம் நியாயமானதே. 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் மாண்டனர் என்பது அரசின் கணக்கு. ஆயின் அச்சத்திற்கு மருந்து யாது? பிள்ளையை வீட்டில் இருத்துவதா, சாலையைத் திருத்துவதா? அரசு தந்த வண்டி பல வீடுகளில் திண்ணையோரம் துருப்பிடித்து நிற்கிறது. வண்டி பழுதானதால் நிற்பன சில. வழி அஞ்சத்தக்கதாய் இருப்பதனால் நிற்பன சில. பள்ளிச் சிறுமி அஞ்சாது செல்லும் சாலையில் எந்தச் சுற்றுலாப் பயணியும் செல்வான். அவள் அஞ்சும் சாலையை எத்துணை அழகிய காட்சி சூழ்ந்திருந்தாலும், அதனை மிதிவண்டிப் பாதை என்று கூறுதல் பொருந்தாது. இதுவே நாம் கூறும் அளவுகோல்.

செய்யத்தக்கவை

முதலாவது, தாமல் முதல் மாமல்லபுரம் வரை நெடுஞ்சாலையை இயன்றவரை தவிர்த்து உட்சாலைகளை இணைத்து, சந்திகளுக்கு எண்ணிட்டுப் பலகை நடல் வேண்டும். வாலாஜாபாத்–செங்கற்பட்டுச் சாலையில் கல்லும் சரக்கும் ஏற்றிய கனரக வண்டிகள் மிகுதியாதலின், அப்பகுதிக்கு மாற்றுவழி இன்றியமையாதது.

இரண்டாவது, நெடுஞ்சாலையைத் தொட்டே ஆகவேண்டிய இடங்களில் அணுகுசாலை இடைமுறிவின்றி இருத்தலும், குறுக்கே கடக்கச் சுரங்கப் பாதை ஒளியோடும் நீர் தேங்காமலும் இருத்தலும் வேண்டும்.

மூன்றாவது, ஏரிக்கரைகள். கரையைப் பலப்படுத்தும்போதே மேற்பரப்பைச் செம்மண்ணிட்டுத் திமிசு போட்டால் மிதிவண்டிக்கு அது போதும். தார் வேண்டா. கனரக வண்டி ஏறாதபடி கல்நட்டால் கரைக்கும் காப்பு. நாள்தோறும் மக்கள் நடமாடும் கரையில் உடைப்பும் ஆக்கிரமிப்பும் விரைவில் வெளிப்படும்.

நான்காவது, பாதையோரச் சிற்றூர்களில் குடிநீரும் கழிப்பிடமும் பழுது பார்க்கும் கடையும் இருத்தல் வேண்டும். முன்னாளில் ஊர்தோறும் மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்கு விடும் சைக்கிள் கடை இருந்தது. விளக்கின்றிச் சென்றாலும் இருவர் அமர்ந்து சென்றாலும் காவலர் பிடித்துக்கொண்ட காலம் அது. அக்கடைகள் பெரும்பாலும் மறைந்துவிட்டன. பயணியர் வரின், பஞ்சர் ஒட்டும் தொழிலாளிக்கும் தேநீர்க் கடைக்கும் தறியைக் காட்டி விளக்கும் நெசவாளிக்கும் வருவாய் பிறக்கும்.

ஐந்தாவது, கொள்கை. 2006ஆம் ஆண்டின் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை, ஊர்திகளை அன்றி மக்களை முன்னிறுத்துக என்றது. 2014இல் சென்னை மாநகராட்சி நடப்போர்க்கும் மிதிவண்டியோர்க்கும் உரிய கொள்கையொன்றை ஏற்றது. நகருக்கு உரைத்த நெறியைச் சிற்றூர்களுக்கும் நீட்டித்தல் வேண்டும்.

மாணவர்க்கு ஒரு சொல்

1923ஆம் ஆண்டில் பம்பாயிலிருந்து பார்சி இளைஞர் சிலர் மிதிவண்டியில் உலகைச் சுற்றப் புறப்பட்டனர். அவருள் அடி ஹக்கிம், ஜால் பாபசோலா, ருஸ்தம் பும்காரா ஆகிய மூவர் பாலையும் பனியும் கடந்து 1928இல் ஊர் திரும்பினர். அவர்களிடம் இன்றைய பல்லிணை வண்டிகளோ கைப்பேசி நிலப்படமோ இருந்ததில்லை. உலகைச் சுற்றுமாறு மாணவர்களை நாம் வேண்டவில்லை. எண்பது கிலோமீட்டர்தான் கேட்கிறோம்.

மார்கழி, தை மாதங்களில் வெயில் தணிந்திருக்கும். விடிந்தபின் புறப்பட்டு, பொழுது சாயுமுன் தங்குமிடம் சேரும்படி இரண்டு நாள் பயணமாக வகுக்கலாம். காஞ்சிபுரம்–செங்கற்பட்டு இருப்புப் பாதை அருகிலேயே செல்வதால் இயலாதார் இடையில் திரும்பவும் வழியுண்டு. தமிழ்த்துறையும் வரலாற்றுத் துறையும் சேர்ந்து இதனை ஆண்டுதோறும் நடத்தலாம். மாணவியர்க்கும் தனியே ஒரு குழு அமைத்து, ஆசிரியைகள் உடன் செல்ல வேண்டும். சென்னையில் 'சைக்கிளிங் யோகிஸ்' போன்ற குழுவினர் பழஞ்சின்னங்களைத் தேடி மிதிவண்டியில் செல்லும் வழக்கத்தை நெடுநாளாகப் பேணி வருகின்றனர். கல்லூரிகளால் இயலாதது என்ன?

செல்லும்போது கையில் ஒரு குறிப்பேடு இருக்கட்டும். அணுகுசாலை எங்கே அறுபடுகிறது, எந்தச் சந்தியில் விளக்கில்லை, எந்தப் பாலத்தில் ஓரமில்லை, எந்த ஏரிக்கரை இடிந்து கிடக்கிறது என்பதை எல்லாம் நாளும் நேரமும் இட்டு எழுதுங்கள். அக்குறிப்புகளைத் தொகுத்து நெடுஞ்சாலைத் துறைக்கும் நீர்வளத் துறைக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் அனுப்புங்கள். மறுமொழி வரும்வரை மீண்டும் அனுப்புங்கள். ஒரு கல்லூரி அனுப்பினால் அது கோரிக்கை; பாலாற்றங்கரைக் கல்லூரிகள் அனைத்தும் அனுப்பினால் அது திட்டமாகும். வண்டியை அரசு தந்துவிட்டது. வழியைக் கேட்டுப் பெறுவது நம் பொறுப்பு.